உப்பு கசியும் மாதங்கள்

ஐப்பசி பிறந்து, வங்கக் கடலில் எழுந்த கருமேகங்கள் சென்னைப் பட்டணத்தின் மீது கவிந்து நிற்கத் தொடங்கிய சில தினங்களுக்குள், எங்கள் வீட்டுச் சமையலறைப் பீங்கான் ஜாடியில் ஒரு மாறுதல் நிகழும். அதுவரையில் கரகரவென்று விரலில் உதிர்ந்துகொண்டிருந்த கல்லுப்பு, ஒருவரும் அதில் ஒரு துளி ஜலம் சேர்க்காமலே தானாகக் கசிந்து, ஜாடியின் அடியில் ஓர் அங்குல உயரத்திற்கு நீரைத் தேக்கிவிடும். “உப்பு அழுதுடுச்சு” என்று சொல்லிக்கொண்டே என் பாட்டி அப்பளக் கட்டுகளை மூடி இறுகிய டின்னுக்கு மாற்றுவாள். மிளகாய் வற்றலை அடுப்படிச் சூட்டிற்கு நகர்த்துவாள். அதே வாரத்தில் என் தகப்பனார், தம்முடைய காமிராவைப் பட்டுத் துணியில் சுற்றி, அதைத் தோலுறையில் இட்டு, தோலுறையை ஒரு துணிப்பையில் போட்டு, இரும்புப் பீரோவின் உள்ளறையில் பட்டுப் புடைவைகளுக்கும் வீட்டுப் பத்திரங்களுக்கும் நடுவே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். தை பிறந்த பிறகே அதற்கு வெளிச்சம் கிட்டும். இருவருடைய கருத்தும் ஒன்றுதான். ஈரத்திலிருந்து பண்டத்தைக் காப்பது. ஆயினும் பாட்டியின் அப்பளம் ஒரு வருஷமும் நமத்ததில்லை. தகப்பனாரின் காமிராவோ ஐந்தாறு மழைக்காலங்களுக்குள் கண் கெட்டுப் போயிற்று.

அந்த உப்பு ஜாடியைச் சற்றே கவனிப்போம். சுத்தமான சோடியம் குளோரைடு, தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்திற்குக் கீழே இருக்கும் வரையில் உலர்ந்தே கிடக்கும். அந்த எல்லையைக் காற்று தாண்டிய மாத்திரத்தில், அதிலுள்ள நீராவியைத் தன்பால் இழுத்து, இழுத்த நீரிலேயே கரையவும் தொடங்கும். உப்பளத்துக் கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடும் சிறிது கலந்திருப்பதாலும், அந்தப் பொருள் 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரைக் குடிக்கத் தொடங்கும் சுபாவம் உடையதாகையாலும், கல்லுப்பு கொஞ்சம் முந்திக்கொண்டு பிசுபிசுக்கும். எனினும் ஜாடியின் அடியில் நீர் தேங்கிவிட்ட நாளில் வீட்டுக் காற்று அநேகமாக 75-ஐத் தொட்டோ தாண்டியோ நிற்கிறது என்று கொள்ளலாம். லென்ஸின் மேல் பூஞ்சை வித்து முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆகவே காமிரா வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், காசு கொடுத்து வாங்காத ஓர் எச்சரிக்கைக் கருவி சமையலறை அலமாரியில் ஏற்கனவே இருக்கிறது.

ஒப்பு ஈரப்பதம் என்ற சொல் பலருக்கு மயக்கம் தருவது. காற்று சூடாக இருந்தால் அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்தால் குறைவாகத் தாங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியை வைத்துக்கொள்ள வல்லது. 20 டிகிரியில் அதே காற்றுக்கு 17 கிராமே கொள்ளும். தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு பங்கு இப்போது நிறைந்திருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். கார்த்திகை மாதத்துக் காலையொன்றில் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 என்று வைத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 24 கிராம் நீர் கண்ணுக்குப் புலப்படாமல் நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தால் போதும், சுமை தாங்காமல் நீரைத் துளியாக இறக்கிவிடும். குளிர்பதனம் செய்த கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரம் படமெடுத்துவிட்டு, ஊர்வலத்தை எடுக்கவென்று வாசலுக்கு ஓடி வருகிற படப்பிடிப்பாளரின் லென்ஸ், ஓட்டலில் சுடுகாப்பிக்கு மேல் குனிந்தவரின் மூக்குக்கண்ணாடி போல நொடியில் வெளுத்துப் போவது இதனால்தான். காற்றுப் புகாத ஒரு பையில் காமிராவை இட்டுக் கட்டி வெளியே கொண்டுவந்து, அரைமணி நேரம் பொறுத்து, அது வெளிச்சூட்டை அடைந்த பின் பையைத் திறந்தால் இந்த வியர்வை பையின் புறத்தோடு நின்றுவிடும். அரைமணி பொறுக்கிற பெண் வீட்டார்தான் கிடைப்பது அரிது.

தகப்பனாரின் காமிராவுக்கு வருவோம். ஒரு தை மாதத்தில், பொங்கலுக்கு எடுத்த படங்கள் அனைத்தும் பால் ஊற்றியது போல் மங்கி வந்தபடியால், அவர் அதை எடுத்துக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் சென்றார். நானும் உடன் சென்றிருந்தேன். அந்த மனிதர் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்தில் சிறு டார்ச் விளக்கைப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து எங்களைப் பார்க்கச் சொன்னார். நேரே பார்த்தபோது களங்கமற்றதாகத் தோன்றிய கண்ணாடிக்குள், வெளிச்சம் சாய்வாகப் பட்டதும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்த வெண்ணிற இழைகள், மார்கழிப் புல்லின் மேல் பனி கோத்த சிலந்தி நூலைப் போலக் கிளைத்தும் கிளையிலே மறுபடி கிளைத்தும் பளிச்சிட்டன.

“தூசியா?” என்றார் தகப்பனார்.

“தூசி இல்லைங்க சார், காளான். உள்ளே குடும்பமே நடத்துது. வெளியே எடுக்காம பூட்டியே வெச்சிருந்தீங்களா?”

தகப்பனார் பதில் சொல்லவில்லை. எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்பதை விவரித்துச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.

பூஞ்சையின் வித்து சில மைக்ரான் அளவேயுள்ள அணுப்பிரமாணமான வஸ்து. நாம் மூச்சிழுக்கும் காற்றிலெல்லாம் அது மிதக்கிறது. தொழிற்சாலையில் லென்ஸைப் பூட்டிய நாளிலோ, பின்னர் அது முன்னும் பின்னும் நகரும்போது காற்றை உறிஞ்சியதிலோ, உள்ளே சில வித்துக்கள் நுழையாத லென்ஸ் உலகில் இருப்பதற்கில்லை. ஊறுகாயின் மேல் வெண்மையாகப் படர்கிற அதே பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் வமிசத்தாரே இங்கும் குடியேறுகிறவர்கள். கண்ணாடியைத் தின்று உயிர் வாழ அவற்றால் இயலாது. நுண்ணிய நூல் துணுக்கு, விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை, உள்ளிருக்கும் மசகெண்ணெயிலிருந்து ஆவியாகிக் கண்ணாடியில் படிந்த படலம் ஆகியவையே அவற்றின் ஆகாரம். நீர் மட்டும் கிடைத்துவிட்டால் போதும். வித்து முளைத்து இழை விடும். இழை தன்னைச் சுற்றி நீர்ப்படலம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் படலத்தில் அது கக்குகிற அமிலங்கள் கலந்து கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். இழையைத் துடைத்து நீக்கிய பிறகும் அது கிடந்த வழி, செல் அரித்த சுவரில் தெரியும் தடத்தைப் போலக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது. ஆரம்ப நிலையில் கண்டவர்களுக்குத் துடைப்பதோடு தீர்ந்துவிடும். எங்களுக்கு அந்த நிலை கடந்திருந்தது.

மேற்பூச்சு என்றேனே, அதன் பூர்வ சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பூச்சில்லாத கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் நான்கு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஐந்தாறு வில்லைகள் கொண்ட லென்ஸில் இந்த நஷ்டம் சிறிதன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த டென்னிஸ் டெய்லர் என்பவர், 1890-களின் தொடக்கத்தில், நாட்பட்டு நிறம் மங்கிய பழைய வில்லைகள் புதியவற்றைக் காட்டிலும் அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கண்டு வியந்தார். காற்றும் ஈரமும் பல வருஷங்களாகக் கண்ணாடியின் மேற்பரப்பைத் தின்று உண்டாக்கிய மெல்லிய தோலே அந்த உபகாரத்தைச் செய்தது. 1904-இல் அவர் அதைச் செயற்கையாக வரவழைக்க ஒரு முறையைப் பதிவு செய்தார். 1935-இல் ஜெர்மனியின் யேனா நகரத்து ஸைஸ் ஆலையில் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் ஆவியைப் படியவைத்துப் பூசும் வழியைக் கண்டார். இன்று வழங்கும் மெக்னீசியம் ஃப்ளோரைடுப் பூச்சின் கனம், ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறிட்டால் ஒரு கூறு. ஆக, ஈரம் செய்த சேதத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு வித்தையை, இப்போது ஈரம் வந்து சேதப்படுத்தாமல் நாம் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பகைவனின் முழு வல்லமையும் உலகத்திற்குத் தெரியவந்தது இரண்டாம் மகாயுத்தத்தில். நியூகினியின் மழைக்காடுகளுக்குச் சென்ற ஆஸ்திரேலியப் படைகளின் இரட்டைத் தொலைநோக்கிகளும் பீரங்கிகளின் குறிபார்க்கும் கருவிகளும், எதிரியின் குண்டு படாமலே, சில மாதங்களுக்குள் குருடாயின. மெல்போர்ன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார்களான டர்னரும் எதல் மெக்லெனனும், பௌதிக அறிஞர்களைத் துணையாகக் கொண்டு, கருவியின் உட்புறத்தில் பாதரசச் சேர்க்கையான ஒரு பூஞ்சைக்கொல்லியை வைத்து அடைத்து, அதன் ஆவி வித்துக்களை முளைக்கவிடாமல் செய்யும் உபாயத்தைக் கண்டு, 1946-இல் அதை ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். பாதரச விஷத்தை வீட்டுப் பீரோவில் வைத்துக்கொள்ள இன்று யாரும் துணியமாட்டார்கள், துணியவும் வேண்டுவதில்லை. காட்டில் போர் புரிகிற சிப்பாயால் தன்னைச் சூழ்ந்த காற்றை உலர்த்த முடியாது. நம்மால் ஒரு பெட்டி அளவுக்கேனும் முடியும்.

அந்தப் பெட்டி எவ்வளவு எளிய காரியம் என்பதை ஒரு கணக்கினால் காட்டலாம். இருபது லிட்டர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், முன்சொன்ன கார்த்திகைக் காலைக் காற்றை நிரப்பி மூடினால், அதற்குள் இருக்கும் நீராவி அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கும் குறைவானதை எடுத்துவிட்டாலே ஈரப்பதம் 80-இலிருந்து 45-க்கு இறங்கிவிடும். அரைக் கிராம் நீர் என்பது தேக்கரண்டியில் பத்திலொரு பங்கு. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஆனால் அதே பெட்டிக்குள் தோலுறையையும் பட்டுத் துணியையும் சேர்த்து வைத்தால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. ஏனெனில் தோலும் பட்டும் பஞ்சும் காகிதமும் மழைக்காற்றில் நீரைக் குடித்துத் தம்முள் வைத்துக்கொள்ளும் பொருள்கள். அந்தப் பெட்டிக் காற்றிலுள்ளதைப் போலப் பன்மடங்கு நீர் ஒரு தோலுறைக்குள் ஒளிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, தோல் பூஞ்சைக்குப் படுக்கை மட்டுமல்ல, விருந்தும்கூட. என் தகப்பனார் செய்ததை இப்போது நினைத்துப் பார்த்தால், ஈரமான தோலும், காற்றோட்டமில்லாத இருட்டும், குளிர்ந்த இரும்புச் சுவரும், மூன்று மாத நிம்மதியும் அளித்து, பூஞ்சை வளர்ப்பதற்கென்றே ஒரு சாலையை அவர் அந்தப் பீரோவில் நடத்தியிருக்கிறார். சரஸ்வதி பூஜையன்று காமிராவுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுவாரமே மூட்டை கட்டுகிற வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பூஜையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொட்டை லென்ஸின் மூடிக்கு இடுவதில் தெய்வத்திற்கும் ஆட்சேபம் இருக்காது.

ஈரத்தை வாங்குவதற்குச் சிலிக்கா ஜெல்லைக் காட்டிலும் அடக்கமான வேலைக்காரன் வேறில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வால்ட்டர் பாட்ரிக் 1919-இல் இதைத் தயாரிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். மணலும் இதுவும் ரசாயன ரீதியில் ஒரே குலம். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களாக இருப்பதே வித்தியாசம். அந்தத் துவாரங்களின் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடியுமானால், ஒரே கிராம் ஜெல் ஏறக்குறைய 700 சதுர மீட்டருக்கு வரும். நம்மூர்க் கணக்கில் மூன்று கிரவுண்டு மனை! அந்த மனை முழுவதிலும் நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. நூறு கிராம் ஜெல் இருபது கிராம் நீரைச் சுலபமாகப் பிடித்துக்கொண்டும், தொட்டால் சற்றும் நனையாதது போலவே இருக்கும். கால்சியம் குளோரைடு இதைவிடப் பேராசை உடையதுதான். ஆனால் அது குடித்த நீரில் தானே கரைந்து ஓடிவிடும். அலமாரி ஈரத்திற்கென்று கடையில் விற்கும் அந்த டப்பாக்களைத் துணிமணிகளுக்கு வைக்கலாம். அவற்றில் ஒன்று காமிராவின் மேல் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று எழுதவே கை நடுங்குகிறது. வறுத்த அரிசியை நம்புகிறவர்களும் உண்டு. அரிசியின் உறிஞ்சும் சக்தி அற்பம். அதன் மாவுத் தூளோ பூஞ்சைக்கு அன்னதானம்.

ஜெல் மணிகளில் நிறம் ஊட்டிய வகையை வாங்குவது நல்லது. நீலமாக இருந்து, ஈரம் நிறைந்ததும் இளஞ்சிவப்பாக மாறுகிறவற்றில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது உடம்பிற்கு ஆகாத பொருள். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறுகிற வகை இப்போது கிடைப்பதால் நான் அதையே வைத்திருக்கிறேன். மாதத்திற்கொரு முறை மணிகள் பச்சைப் பயறு போல் ஆகிவிடும். இந்த வேலைக்கென்றே ஒதுக்கி, சமையலுக்கு ஒருபோதும் திரும்பாத பழைய இரும்பு வாணலியில் அவற்றைக் கொட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து, ரவை வறுப்பதைக் காட்டிலும் குறைந்த தணலில் கிளறிக்கொண்டே இருந்தால், முதலில் வாணலியின் மேல் பிடித்த தட்டில் முத்து முத்தாக வேர்க்கும். பிறகு ஓரத்து மணிகளில் தொடங்கி நிறம் மெல்லத் திரும்பும். 120 டிகிரிக்கு மேல் போனால் சாயம் கருகிவிடும். ஆகையால் அவசரம் கூடாது. இறக்கியதும் ஆறட்டுமென்று திறந்த தட்டில் பரப்பி வைத்து, ஆறுவதற்குள் அது மறுபடி ஊர் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டதைக் கண்டு திகைத்த அனுபவம் எனக்குண்டு. சூடு தாங்கும் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடியே ஆறவைக்க வேண்டும்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் ஓடுகிற எந்த உணவுப் பெட்டியும் ஆகும். காமிராவையும் லென்ஸ்களையும் அம்மணமாக, துடைத்துச் சுத்தம் செய்து, அதற்குள் வைக்க வேண்டும். உறைகள் வெளியே இருக்கட்டும். கூடவே ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்று அவசியம். மலிவான கருவிகள் பத்து சதவீதம் வரை பொய் சொல்லுமாதலால் அதை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு மறுபடியும் உப்பே வருகிறது. கல்லுப்பை விட்டுத் தூள் உப்பில் ஒரு மூடி எடுத்து, ஈர மணல் போலக் குழையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக மூடி இரவு முழுவதும் வைத்துவிட்டால், அந்த டப்பாவின் காற்று கட்டளையிட்டாற்போல் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். காலையில் கருவி 70 காட்டினால், இனி அது சொல்வதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளலாம். என்னுடையது 69 காட்டிற்று.

பெட்டிக்குள் 40-லிருந்து 50 வரை இருப்பதே உத்தமம். ஈரம் இவ்வளவு கெடுதி செய்கிறதே என்று சகட்டுமேனிக்கு ஜெல்லைக் கொட்டி 20-க்கு இறக்கிவிடுகிறவர்கள், ரப்பர் பிடிகளும் தோல் ஒட்டுகளும் சுருங்கி விறைத்துப் போவதைப் பின்னால் காண்பார்கள். வசதியுள்ளவர்கள், வேண்டிய ஈரப்பதத்தைத் திருகி வைத்தால் தானே காத்துக்கொள்ளும் மின்சார உலர் அலமாரிகளை வாங்குகிறார்கள். நாலைந்து லென்ஸுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. பீரோவில் அந்துருண்டை போட்டிருக்கிறேனே என்று கேட்பவர்களுக்கு, அது பூச்சிக்கு உரியது, ஈரத்திற்கு அதனிடம் யாதொரு அதிகாரமும் இல்லை என்பதே பதில். லென்ஸை மொட்டைமாடி வெயிலில் காய வைக்கும் பழக்கமும் நல்லதன்று. வித்தைக் கொல்லவல்ல குறுகிய புற ஊதாக் கதிர்கள் கண்ணாடியைக் கடந்து உள்ளே போவதில்லை; கடந்து போகிற வெளிச்சமோ ஒரு புள்ளியில் குவிந்து கறுப்புத் துணியையும் காமிராவின் உட்திரையையும் சுட்டுவிட வல்லது.

இவற்றோடு ஒன்று உண்டு. அதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கலியாணம் கலியாணமாக அலைகிற படப்பிடிப்பாளர்களின் லென்ஸ்களில் கீறல் இருக்கும், குங்குமக் கறை இருக்கும், பெரும்பாலும் பூஞ்சை இருப்பதில்லை. தினமும் வெளிச்சத்தையும் காற்றையும் காண்கிற, திருகித் திருகி நகர்த்தப்படுகிற கருவியில் வித்து நிலைகொண்டு வேர்விட அவகாசம் கிடைப்பதரிது. வாரத்துக்கொரு தரம் பெட்டியைத் திறந்து, ஒரு வாழைமரத்தையோ வாசல் நாயையோ நாலு படம் எடுத்துவிட்டு வைப்பது வழக்கமானால், ஏதேனும் முளைவிட்டிருந்தாலும் துடைத்து எடுக்கக்கூடிய பருவத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

தகப்பனாரின் லென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. என் பேத்தி அதை ஜன்னல் வெளிச்சத்திற்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, உள்ளே யாரோ கோலம் போட்டிருக்காங்க” என்றாள். புள்ளி வைக்காத கோலம்தான். அதை நான் பெட்டிக்குள் மற்றவற்றோடு வைப்பதில்லை. வித்து எங்கும் இருப்பதால் அது தொற்றிவிடும் என்ற பயத்திற்குப் பெரிய ஆதாரம் இல்லையென்று தெரிந்தும் மனம் வருவதில்லை. மேஜையின் மேல், எழுதிய தாள்கள் ஐப்பசிக் காற்றில் பறந்துவிடாமல், அதுதான் பாரமாக இருக்கிறது.